பம்ப் ஹவுஸில் ஷிஃப்ட் ஏறும் தம்பி தங்கைகளுக்கு

அன்புத் தம்பிகளே, தங்கைகளே,

ஐடிஐ முடித்தும் டிப்ளமோ முடித்தும் பெருந்துறை சிப்காட்டிலும், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளிலும், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளிலும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் பம்ப் ஆபரேட்டராகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களுக்கு வேலை பழக்கும் மூத்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது உட்கார வைத்து விளக்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. "இந்த வால்வைத் திற, அந்தப் பட்டனை அமுக்கு" என்பதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. ஏன் திறக்க வேண்டும், எப்போது அமுக்கவே கூடாது என்பது சொல்லப்படாமல் போகிறது. பராமரிப்புப் பிரிவிலேயே காலம் தள்ளியவன் என்ற உரிமையில் அந்த விட்டுப்போன பகுதியைச் சொல்கிறேன்.

திருப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. நொய்யல் ஆறு கெட்டுப்போன வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் பட்டறையைத் திறக்கலாம் என்றாயிற்று. இன்று சாயத் தண்ணீர் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பம்பைத் தாண்டித்தான் போகிறது. சம்ப்பிலிருந்து தூக்க ஒன்று, காற்றேற்றும் தொட்டிக்கு ஒன்று, ஆர்ஓவுக்கு உயர் அழுத்தத்தில் தள்ள ஒன்று, ஆவியாக்கியில் உப்புக் கரைசலைச் சுற்றவிட ஒன்று, சேற்றை ஃபில்டர் பிரஸ்ஸுக்கு அனுப்ப ஒன்று. ஆறு கெடாமல் இருப்பது இந்த பம்புகள் நிற்காமல் ஓடுவதைப் பொறுத்தது. அதனால்தான் பம்ப் நின்றவுடன் நாலா பக்கமிருந்தும் போன் வருகிறது, "எடுத்தாச்சா, எடுத்தாச்சா" என்று. நான் பயப்படுவது அந்த அவசரத்துக்குத்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் பம்ப் பெரும்பாலும் தன் பாட்டுக்கு ஓடும். கெட்டது நடப்பது அதை எடுக்கும், அதாவது ஓட்டத் தொடங்கும், நேரத்தில். அதிலும் ஒரு பம்ப் திடீரென்று நின்று, இன்னொன்றை அரக்கப்பரக்க எடுக்கும் நேரம் மிகப் பொல்லாதது.

இதற்கு உலகம் மறக்கக் கூடாத சாட்சி ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய், எரிவாயு மேடை இருந்தது. 1988 ஜூலை 6. திரவமாகிய எரிவாயுவைக் குழாயில் தள்ள அங்கே ஏ, பி என்று இரண்டு பம்புகள். பகலில் ஏ பம்பைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். அதன் குழாயிலிருந்த பாதுகாப்பு வால்வையும் சோதனைக்காகக் கழற்றிவிட்டு, திறந்த வாயை ஒரு மூடித்தட்டால் அடைத்திருந்தார்கள். பம்பில் வேலை செய்ய ஒரு பெர்மிட், அதாவது அனுமதிச் சீட்டு, வால்வுக்குத் தனியாக இன்னொரு பெர்மிட். மாலைக்குள் வால்வு திரும்ப மாட்டப்படவில்லை. இரவு ஷிஃப்டுக்கு முதல் பெர்மிட் தெரியும். பம்பில் இன்னும் கை வைக்கவில்லை என்பதும் தெரியும். வால்வு இல்லை என்பது மட்டும் அவர்கள் காதுக்குப் போய்ச் சேரவில்லை. பம்ப் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அந்த மூடித்தட்டு கண்ணில் படவும் படாது. இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு பி பம்ப் ட்ரிப் ஆனது. எவ்வளவு முயன்றும் எடுக்கவில்லை. மேடைக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரும் அந்த எரிவாயுவை நம்பியே இருந்தது. சும்மாதானே நிற்கிறது என்று ஏ பம்பை எடுக்கப் போனார்கள். தட்டு இறுக்கமாக இல்லை, வாயு கசிந்தது, தீப்பிடித்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

அந்த இரவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீயணைப்பு பம்புகள் அங்கே இருந்தன. கடலுக்குள் முக்குளிப்பவர்கள் வேலை செய்யும்போது அந்த பம்புகளின் உறிஞ்சுகுழாய் ஆளை இழுத்துவிடக் கூடாது என்பதற்காக அவற்றைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி வைத்திருந்தார்கள். ஒரு ஆபத்தைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இன்னொரு ஆபத்தில் கையைக் கட்டிப்போட்டது. வெடித்த பிறகு அந்த பம்புகளை எடுக்க அங்கே போய்ச் சேர யாராலும் முடியவில்லை. லார்டு கல்லன் தலைமையில் நடந்த விசாரணை 1990இல் 106 பரிந்துரைகளைத் தந்தது. பெர்மிட், ஷிஃப்ட் கைமாற்றம், பாதுகாப்பு மேலாண்மை என்று உலகம் முழுக்க இன்று எண்ணெய்த் தொழிலில் பின்பற்றப்படும் பல நடைமுறைகளுக்கு அதுவே அடிப்படை.

நம் சாயப்பட்டறையில் எரிவாயு இல்லை, வெறும் தண்ணீர்தானே என்று நினைக்காதீர்கள். அங்கே நடந்த தவறு வாயுவில் தொடங்கவில்லை. ஒரு ஷிஃப்ட் செய்ததை அடுத்த ஷிஃப்ட் அறியாமல் பம்பை எடுத்ததில் தொடங்கியது. அது எந்த பம்ப் ஹவுஸிலும் இன்றைக்கே நடக்கலாம்.

ஆகவே முதல் வேலை லாக் புக். முந்தின ஷிஃப்டில் எந்த பம்பில் யார் கை வைத்தார், எதைக் கழற்றினார், எதை மாட்டவில்லை என்பதைப் படியுங்கள். போகிற ஆபரேட்டரிடம் பம்பின் பக்கத்தில் நின்று நேரில் கேளுங்கள். பேனலில் பூட்டோ சிவப்பு அட்டையோ தொங்கினால் அதைப் போட்டவர் வந்துதான் எடுக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போய்விட்டாரா? போன் போட்டு வரச் சொல்லுங்கள், அல்லது அவருடைய பொறியாளர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். "நான் சொல்கிறேன், எடு" என்று போனில் வரும் குரலுக்குப் பூட்டைத் திறக்காதீர்கள். அந்தக் குரலுக்குரியவர் பம்பின் பக்கத்தில் நிற்கவில்லை, நீங்கள்தான் நிற்கிறீர்கள்.

அடுத்து, லைனைப் பிடித்துக்கொண்டு நடங்கள். தண்ணீர் கிளம்பும் தொட்டியிலிருந்து போய்ச் சேரும் தொட்டிவரை ஒரு நடை. எந்த வால்வு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, எங்காவது ஃபிளாஞ்ச் போல்ட் விட்டுப்போயிருக்கிறதா, டிரெயின் திறந்து கிடக்கிறதா, ஸ்ட்ரெய்னரைக் கழுவியவர்கள் திரும்பப் போட்டார்களா என்று பாருங்கள். சக்ஷன் ஸ்ட்ரெய்னரில் நூலும் பஞ்சும் அடைத்திருக்கும், துணி ஆலையில் இது தினப்படி சங்கதி.

பம்புக்கு வந்ததும் முதலில் கப்ளிங் கார்டு, அதாவது சுழலும் கப்ளிங்கை மூடும் உறை. அது இல்லாத பம்பை எடுக்காதீர்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 21ஆம் பிரிவில் சுழலும் பாகங்களுக்கு வேலி போட்டாக வேண்டும் என்று அன்றே சொன்னது. ரப்பர் புஷ் மாற்றக் கழற்றியவர்கள், "அப்புறம் போட்டுக்கலாம்" என்று சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போவது நம் ஊர்ப் பழக்கம். நிமிடத்துக்கு 2,900 சுற்றுச் சுற்றும் ஷாஃப்ட் ஒரு துண்டின் முனையைப் பிடித்தால், கையை எடுக்க நினைக்கும் நேரம்கூட உங்களுக்குக் கிடைக்காது. கழுத்தில் துண்டு வேண்டாம், லுங்கி வேண்டாம், தொளதொளவென்ற முழுக்கை வேண்டாம். தங்கைகள் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னலை உள்ளே செருகி, கோட் போட்டுக்கொண்டு வாருங்கள். அதற்கு ஒரு கோட்டும் ஒரு லாக்கரும் தரவேண்டியது நிர்வாகத்தின் கடமை, கேட்டு வாங்குங்கள்.

கரண்டைத் துண்டித்து, பூட்டு உங்கள் கையில் இருக்கும்போது ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாக, ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் பிடித்தால் உள்ளே ஏதோ உரசுகிறது. சேறு இறுகியிருக்கலாம், கிளாண்ட் அதிகமாக முறுக்கப்பட்டிருக்கலாம், குழாயை இழுத்துப் பிடித்து போல்ட் போட்டதால் கேசிங்கே கோணியிருக்கலாம். பிடிக்கிற ஷாஃப்டை மோட்டார் பலத்தால் சுற்றவைத்துப் பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம். பேரிங் வீட்டில் ஆயில் கண்ணாடியின் பாதிவரை இருக்கட்டும். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள். கிரீஸ் பேரிங் என்றால் அளவோடு நிறுத்துங்கள். அடைத்துத் திணித்த கிரீஸ் பேரிங்கைச் சூடேற்றிக் கெடுக்கும்.

மோட்டாரைக் கழற்றி மாட்டியிருந்தாலோ, கேபிள் மாற்றியிருந்தாலோ சுற்றும் திசையைச் சோதிக்காமல் எடுக்கக் கூடாது. ஃபேஸ் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். இதில் ஏமாற்று வேலை ஒன்று உண்டு: சென்ட்ரிஃபியூகல் பம்ப் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தரும். பிரஷர் குறைவாக இருக்கும். "பம்ப் தேய்ந்துபோச்சு" என்று சொல்லி ஒரு வாரம் ஓட்டுவார்கள். மரை போட்டு இறுக்கிய இம்பெல்லர் என்றால் கழன்றே போய் கேசிங்கில் முட்டும். கப்ளிங்கைப் பிரித்துவிட்டு மோட்டாரை மட்டும் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். அம்புக்குறியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இனி பிரைமிங். சென்ட்ரிஃபியூகல் பம்ப் காற்றைத் தூக்காது. கேசிங்கும் சக்ஷன் குழாயும் தண்ணீரால் நிறைந்திருக்க வேண்டும். தொட்டி மேலே இருந்தால் சக்ஷன் வால்வை முழுசாகத் திறந்து, கேசிங் உச்சியிலிருக்கும் ஏர் காக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். முதலில் 'புஸ்' என்று காற்று வரும். அப்புறம் துப்பித் துப்பித் தண்ணீர் வரும். அந்த இடத்தில்தான் எல்லாரும் காக்கை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். குமிழியே இல்லாமல் ஒரே கம்பியாகத் தண்ணீர் விழும்வரை பொறுங்கள். அமிலமோ காஸ்டிக்கோ சூடான தண்ணீரோ ஓடும் பம்ப் என்றால் இதை முகக் கவசம் இல்லாமல் செய்யாதீர்கள், காக்கின் வாயைக் குழாய் போட்டு டிரெயினுக்குத் திருப்புங்கள். மெக்கானிக்கல் சீலின் இரண்டு முகங்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம்தான் உயிர். காய்ந்த பம்பை ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே அந்த முகங்கள் வெடித்துப்போகும். கிளாண்ட் பேக்கிங் போட்ட பம்பில் சொட்டு விழத்தான் வேண்டும். விநாடிக்கு ஒரு சொட்டு என்ற கணக்கில் விழட்டும். தரை நனைகிறதே என்று முறுக்கி நிறுத்தினால் ஸ்லீவ் எரிந்துபோகும்.

தொட்டி கீழே இருந்து, ஃபுட் வால்வில் பிரைமிங் நிற்காமல் போவது நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகிற தொல்லை. குப்பை சிக்கியிருக்கும். "இறங்கி ஒரு தட்டுத் தட்டிட்டு வந்துடறேன்" என்று யாரும் கழிவுநீர்ச் சம்ப்பில் இறங்கக் கூடாது. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைப்பவர் உள்ளேயே விழுகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். இப்படி ஒரே குழியில் அடுத்தடுத்து உயிர்கள் போன செய்தி நம் மாநிலத்தில் வருடம் தவறாமல் வருகிறது. படிக்கும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது, ஏனென்றால் ஃபுட் வால்வைக் கழுவ யாரும் இறங்கத் தேவையில்லை, சக்ஷன் குழாயோடு சேர்த்து செயின் பிளாக் போட்டு மேலே தூக்கியே கழுவலாம். ஒரு பம்பின் பிரைமிங்குக்கு உங்கள் உயிர் விலை அல்ல.

டெலிவரி வால்வு விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். உங்கள் ஆலையில் பெரும்பாலும் இருப்பது சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்ப். அதை டெலிவரி வால்வை மூடியோ, கொஞ்சமே திறந்தோ எடுக்க வேண்டும். அப்போது மோட்டார் குறைந்த சுமையில் கிளம்பும். ஆனால் டோசிங் பம்ப், கியர் பம்ப், சேறு தள்ளும் ஸ்க்ரூ பம்ப் ஆகியவை வேறு சாதி. ஒவ்வொரு சுற்றிலும் இவ்வளவு தள்ளியே தீருவேன் என்று தள்ளுபவை. இவற்றுக்கு டெலிவரி வால்வு முழுசாகத் திறந்திருக்க வேண்டும், ரிலீஃப் வால்வு வேலை செய்ய வேண்டும். மூடிய வால்வுக்கு எதிராக டோசிங் பம்பை ஓட்டினால் அமிலக் குழாய் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும். ஸ்க்ரூ பம்பைக் காய்ந்தபடி ஓட்டினால் உள்ளிருக்கும் ரப்பர் கருகிவிடும். வெள்ளநீர் இறைக்கும் ஆக்சியல் பம்புகளையும் திறந்துதான் எடுக்க வேண்டும், வால்வு மூடியிருந்தால் அவற்றில் சுமை ஏறும். எந்த பம்ப் எந்த வகை என்று தெரியாவிட்டால் கேளுங்கள். அந்தந்த பம்பின் மேல் பெயிண்டால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது பட்டனை அமுக்கலாம். அமுக்கிவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள். பிரஷர் கேஜ் ஏறுகிறதா, ஆம்ஸ் ஏறி இறங்கி நிலைக்கிறதா, சத்தம் சீராக இருக்கிறதா? எடுக்கும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட் வழக்கத்தைப்போல் ஆறு ஏழு மடங்கு. எடுக்கவில்லை என்றால் காரணம் தேடாமல் மறுபடி மறுபடி அமுக்குவது வைண்டிங்கை எரிக்கும் வழி. பிரஷர் வந்ததும் டெலிவரி வால்வை மெதுவாகத் திறங்கள். சடாரென்று திறந்தால் காலிக் குழாயில் பாயும் தண்ணீர் முட்டும் அடியில் ஃபிளாஞ்சுகள் ஆடும். ஆர்ஓ மெம்பிரேன் என்றால் அந்த அடியில் உள்ளே நசுங்கும்.

மெதுவாகத் திறங்கள் என்றேன், திறக்காமல் விட்டுவிடாதீர்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். 30 கிலோவாட் மோட்டார் போட்ட பம்ப் வால்வு மூடியபடி ஓடும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 10 கிலோவாட், எங்கும் போக வழியில்லாமல் கேசிங்கிலிருக்கும் தண்ணீரைச் சூடாக்குகிறது. உள்ளே 20 லிட்டர் இருந்தால் 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குப் போகப் பத்து நிமிடம். இரும்பு உறிஞ்சும் சூட்டையும் சேர்த்தால்கூட அரை மணிக்குள் கொதித்துவிடும். சக்ஷன் வால்வும் மூடியிருந்தால் நீராவிக்குப் போக்கிடமே இல்லை, வார்ப்பிரும்புக் கேசிங் குண்டுபோல் சிதறும். பம்பை ஆட்டோவில் போட்டுவிட்டு, வேறு வேலைக்காக இரண்டு வால்வையும் மூடிவைக்கும் வழக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே இந்த விபத்து காத்திருக்கிறது.

சூடான தண்ணீர் ஓடும் பம்புகளுக்கு ஒரு சொல். காற்று மண்டலத்தின் அழுத்தம் கடல் மட்டத்தில் சுமார் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். பம்ப் உறிஞ்சுவது என்பதே இந்த அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுவதுதான். தண்ணீர் 80 டிகிரிக்குப் போனால் அதன் ஆவியழுத்தமே ஏறக்குறைய ஐந்து மீட்டரைத் தின்றுவிடும். கண்டன்சேட் திரும்பும் பாய்லர் ஃபீட் டேங்க்கை உயரத்தில் வைப்பதன் காரணம் இதுதான். டேங்க் மட்டம் இறங்கினாலோ ஸ்ட்ரெய்னர் அடைத்தாலோ பம்புக்குள் கூழாங்கல் உருளும் சத்தம் கேட்கும். அது கேவிட்டேஷன், இம்பெல்லரை அரித்துத் தின்னும். அந்த நேரத்தில் சக்ஷன் வால்வைக் குறைக்காதீர்கள். டெலிவரியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு டேங்க் மட்டத்தையும் ஸ்ட்ரெய்னரையும் பாருங்கள்.

ஸ்டாண்ட்பை பம்பை மறந்துவிடுகிறோம். அதன் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக உட்காராவிட்டால், ஓடுகிற பம்பின் தண்ணீர் இதற்குள் புகுந்து தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் பட்டனை அமுக்கினால் ஷாஃப்ட் முறியும். எடுப்பதற்கு முன் கப்ளிங் அசையாமல் நிற்கிறதா என்று கார்டின் வழியே பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்தியே வைக்காமல் முறை வைத்து மாற்றி ஓட்டுங்கள். நின்றே கிடக்கும் பேரிங், பக்கத்து பம்பின் அதிர்விலேயே தழும்பு விழுந்து கெடும்.

ஓடத் தொடங்கிய பிறகும் கால் மணி நேரம் பக்கத்தில் இருங்கள். சீல் கசிவு, அதிர்வு, பேரிங் சூடு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பேரிங் வீடு 80 டிகிரியைத் தாண்டினால் நிறுத்திவிட்டு மேலே சொல்லுங்கள்.

மேற்பார்வையாளர்களும் முதலாளிகளும் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. மேலே சொன்ன அத்தனையையும் பழகிய ஆபரேட்டர் இருபது நிமிடத்துக்குள் முடித்துவிடுவார். அந்த இருபது நிமிடத்தை உற்பத்தி நஷ்டம் என்று கணக்கெழுதாதீர்கள். "இன்னும் பார்த்து முடிக்கவில்லை, எடுக்க மாட்டேன்" என்று சொல்லும் ஆபரேட்டரை மற்றவர்கள் முன்னால் திட்டினால், அன்றிலிருந்து உங்கள் பம்ப் ஹவுஸில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, இன்று ஷிஃப்ட் ஏறியதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு பம்பிலும் கப்ளிங் கார்டு இருக்கிறதா, அதன் போல்ட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாததை லாக் புக்கில் பம்ப் எண்ணோடு எழுதி, பொறியாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். கார்டு வரும்வரை அந்த பம்பை எடுக்காதீர்கள்.

அன்புடன்,
பராமரிப்புப் பிரிவிலிருந்து உங்கள் அண்ணன்